"வெளிக்கிட்டிட்டன்" எண்டால் எத்தினை நிமிசம்?

மடையடி (கிளிநொச்சி):

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில ஒரு சின்ன ஒபிஸ் வச்சிருக்கிறன். ஆறு பேர். ஜேர்மனியில இருக்கிற ஒரு கட்டட நிறுவனத்துக்கு கொம்பியூட்டரில வரைபடம் கீறிக் குடுக்கிறம். அவையின்ர காலமை 9 மணிக்கு வீடியோவில கூட்டம். இப்ப எங்களுக்கு அது மத்தியானம் 12:30. ஐப்பசி கடைசி ஞாயிறு அவை மணிக்கூட்டை மாத்தினால் 1:30. அதால ஒபிஸ் திறக்கிறதே 12 மணிக்குத்தான்.

சிக்கல் முரசுமோட்டைப் பெடியன் ஒருத்தனால. எங்களுக்குள்ள ஆகத் திறமான கையும் அவன்ரதான். கிழமையில ரெண்டு நாள் பிந்துவான். ஃபோன் அடிச்சால் "வெளிக்கிட்டிட்டன் அண்ணை" எண்டுவான், பின்னால கிணத்துக்குள்ள வாளி விழுற சத்தம் கேக்கும். போன கிழமை 12:34க்கு வந்து கதிரையில இருந்தான். வீடியோவில ஜேர்மனிப் பக்கம் இருந்த மனுசி ஒண்டும் பேசேல்லை. மணிக்கூட்டை ஒருக்காப் பாத்தா, அவ்வளவுதான். எனக்குத்தான் முகம் செத்துப்போச்சு.

ஆனால் வேலை முடியேல்லை எண்டால் அவன் இரவு 8 மணிக்குக் கதிரையை விட்டு எழும்பமாட்டான். 11 மணி வரைக்கும் இருந்து கீறி அனுப்பிப்போட்டுத்தான் போவான். மேலதிகமா ஒரு சதம் கேட்டதில்லை.

இன்னுமொண்டு. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி முறை வச்சுத்தான் விடுறது. எங்கட முறை ஒருநாள் இரவு 2 மணிக்கு வந்தது. அந்தப் பெடியன் வீட்டாரின்ர வயலும் எங்கட வயலும் ஒரே வாய்க்கால். நான் 1:50க்குப் போறன், இவன் எனக்கு முதலே வந்து குந்திக்கொண்டிருக்கிறான். சரியா 2 மணிக்கு டோர்ச்சை வாயில கவ்விக்கொண்டு, ரெண்டு கையாலயும் சேத்தை அள்ளி மேல்வயல் மடையை அடைச்சான். தண்ணி எங்கட பக்கம் திரும்பீற்றுது.

இவனுக்கு நேரம் தெரியாதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? வெளிநாட்டாரோட வேலை செய்யிறவை இதை எப்பிடிச் சமாளிக்கிறியள்? சம்பளத்தில வெட்டு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

பழைய நேரம்:

தம்பி, ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு நேரத்தோட சீவிச்ச சனம் நாங்கள். 1996 வைகாசியில, கரண்டை மிச்சம் பிடிக்க எண்டு கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சு. ஐப்பசியில அரை மணித்தியாலம் திரும்ப இறக்கிச்சு. புலியளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில ஒண்டையும் மாத்தேல்லை. கரண்டே இல்லாத ஊருக்கு கரண்ட் மிச்சம் பிடிக்கிற நேரம் என்னத்துக்கு?

2002இல சண்டை நிண்டு பாதை திறந்தாப் பிறகுதான் வில்லங்கம் விளங்கினது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வவுனியாப் பக்கம் போனால் அரை மணித்தியாலம் கூடிப்போம். ஒருக்கா வவுனியாவில 4 மணிக் கொழும்பு பஸ்ஸுக்கு, என்ர கைமணிக்கூட்டில 3:50 எண்டு பாத்து ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தனான். பஸ் போய் 20 நிமிசம். கடைக்காரப் பெடியன் சிரிச்ச சிரிப்பு இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. 2006 சித்திரையில கொழும்பே எங்கட நேரத்துக்குத் திரும்பி வந்திட்டுது, அது வேற கதை.

ஒபிஸ் சுவரில ஜேர்மன் நேரத்துக்கு இன்னொரு மணிக்கூடு கொழுவிவிடும். கண்ணில பட்டால்தான் அது அவனுக்கும் நேரம்.

முகமாலை வெயில்:

அண்ணை, நான் ஆறு வருசம் மிதிவெடி எடுக்கிற வேலை செய்தனான். விடியப்புறம் 5 மணிக்குச் சந்திக்கு வாகனம் வரும். அதுக்கு 3:30க்கு எழும்பி, பிள்ளையளுக்குச் சோறு வச்சுப்போட்டு ஓடோணும். ஒருநாளும் பிந்தினதில்லை. மெடிக்கும் அம்புலன்ஸும் வந்து நிக்காமல் ஒருத்தரும் உள்ளுக்க இறங்கேலாது. அந்த டிரைவர் பிந்தினால் அவ்வளவு பேரும் மரத்தடியில. வெயில் ஏறினாப் பிறகு அந்தப் பாரச் சட்டையோடயும் முகமூடியோடயும் முழங்காலில இருந்து பாருங்கோ, தெரியும். எங்கட பொறுப்பாளர் வெள்ளைக்காரன். அவர் கத்தினதே இல்லை. ஏன் நேரத்துக்கு வரோணும் எண்டு முதல் நாளே காட்டித் தந்தவர்.

உங்கட பெடியன் பிந்தினால் அங்க என்ன வேலை நிக்குதெண்டு ஆராவது அவனுக்குச் சொன்னதோ? ஒண்டும் நிக்கேல்லை எண்டால் அதையும் கதைக்கத்தானே வேணும்.

டோர்ட்முண்ட் முல்லை:

அந்த மனுசி பாத்தது நாலு நிமிசத்தை இல்லை. ஒரு சொல்லும் முன்கூட்டி வரேல்லை, அதைத்தான். 12:20க்கு "அஞ்சு நிமிசம் பிந்தும்" எண்டு ஒரு வரி போட்டிருந்தால் அவ போய் ஒரு கோப்பி ஊத்திக்கொண்டு வந்திருப்பா. இந்த ஜேர்மன்காரரும் அப்பிடி ஒண்டும் சுத்தமில்லை. இங்க தூர ரயில் 6 நிமிசத்துக்குள்ள பிந்தினால் நேரத்துக்கு வந்ததெண்டுதான் கணக்கு எழுதுறது.

மற்றது, அந்த 11 மணி வேலையை நிப்பாட்டுங்கோ. நாங்கள் அதைப் பாடுபடுறது எண்டு நினைப்பம். இங்க அதை ஒருத்தரும் மெச்சமாட்டினம். உங்கட 11 மணி எங்கட 7:30, அந்நேரம் ஃபைலை ஆரும் திறக்கப்போறதும் இல்லை. ஒருநாள் வேலை முடிஞ்சால் அடுத்த நாள் வேலை தொடங்க 11 மணித்தியாலம் ஓய்வு விடோணும் எண்டு இங்க சட்டமே இருக்கு. நெடுக இரவில அனுப்பினால், வேலையைக் கணக்குப் பண்ணத் தெரியாதவன் எண்டுதான் நினைப்பினம்.

நான் வந்த புதுசில வேலைக்கு "ஹால்ப் ட்சேன்"க்கு வரச் சொல்லிச்சினம். ஹால்ப் எண்டால் அரை, ட்சேன் எண்டால் பத்து. பத்தரைதானே எண்டு போய் நிண்டன். அது இவையின்ர பாசையில ஒன்பதரை. முதல் நாளே ஒரு மணித்தியாலம் பிந்தி! அதுக்குப் பிறகு எந்த நேரத்தையும் துண்டில எழுதித் தரச் சொல்லித்தான் கேக்கிறது.

மடையடி (கிளிநொச்சி):

முகமாலைத் தங்கச்சி கேட்டது எனக்குத்தான் குத்திச்சு. கூட்டத்தில முதல் எடுக்கிறதே அவன்ர வரைபடம்தான், அவன் இல்லாமல் ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. அதை நான் அவனுக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை. சொன்னன். "அப்பிடியோ அண்ணை" எண்டான், வேற ஒண்டும் கதைக்கேல்லை.

மணிக்கூடு கொழுவியாச்சு. இரவு 8 மணிக்கு லைட் நூக்கிறது. "வெளிக்கிட்டிட்டன்" எண்ட சொல்லு ஒபிஸில தடை, எங்க நிக்கிறாய் எண்டால் இடத்தின்ர பேர்தான் சொல்லோணும்.

இண்டைக்கு 12:05க்கு மெசேஜ் வந்தது: "பரந்தன் சந்தி. பஸ் நிறைஞ்சு போச்சு, ஏறேல்லை. 12:25." 12:22க்கு ஆரோ ஒருத்தற்ற மோட்டச்சைக்கிளில வந்து இறங்கினான். தலை இன்னும் ஈரம்.