பர்ஸ்ட், சர்ஜ், ஸ்பைக், ஸ்பர்ட், கஸ்ட்: ஐந்துக்கும் ஒரே சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் இந்த ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கும் (burst, surge, spike, spurt, gust) ‘திடீர் எழுச்சி’ என்றே போட்டிருக்கிறது. பொது வாசகருக்கு அது போதும். கையேடு எழுதுகிறவருக்குப் போதாது. ஐந்தும் திடீரென்று வருபவைதான், ஆனால் வந்தது என்ன, எவ்வளவு நேரம் நின்றது, உள்ளே எத்தனை இருந்தன என்பதில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை.

பர்ஸ்டிலிருந்து தொடங்குகிறேன், குழப்பம் அதிகம் அங்கேதான். ‘வெடிப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். தரவுத் தொடர்பிலோ நினைவகத்திலோ எதுவும் வெடிப்பதில்லை. அங்கே பர்ஸ்ட் என்பது ஒரே மாதிரியான பல அலகுகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வந்து நின்றுபோவது. முன்னும் பின்னும் அமைதி, நடுவில் எண்ணத்தக்க ஒரு கூட்டம். கணினியின் டிடிஆர்4 வகை நினைவகத்தில் பர்ஸ்ட் நீளம் 8: ஒரு முகவரியைக் கொடுத்தால் 64 பிட் அகலத்தில் எட்டு முறை தரவு வந்து 64 பைட் நிரம்பும். டிடிஆர்5-இல் நீளம் 16, அகலம் 32 பிட், ஆகவே அதே 64 பைட். ‘வெடிப்பு நீளம் 8’ என்று படிக்கும் மாணவருக்கு என்ன புரியும்?

தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: பாட்டம். ‘ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தது’, ‘ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்’ என்கிறோம். தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணலாம். பாட்ட நீளம், பாட்ட அளவு, தரவுப் பாட்டம் என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

பாட்ட அளவு (burst size) விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அதை ‘உச்ச வேகம்’ என்று பெயர்த்த கையேடுகள் உண்டு. அது வேகமே அல்ல, கொள்ளளவு. அலகு பைட் அல்லது பிட். டோக்கன் வாளி என்பது வலையமைப்பில் தரவு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு முறை: அனுமதித்த வேகத்தில் வாளி நிரம்பும், தரவு அனுப்ப அனுப்பக் குறையும். இம்முறையில் விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுமதித்த வேகம் விநாடிக்கு 10 மெகாபிட், வாளி 1 மெகாபிட் என்று வையுங்கள். நிரம்பிய வாளியோடு முழு வேகத்தில் அனுப்பினால், வாளி விநாடிக்கு 90 மெகாபிட் வீதம் காலியாகும். ஏறத்தாழ 11 மில்லிவிநாடியில் தீர்ந்துவிடும். அதன் பிறகு வரும் தரவுப் பொட்டலங்கள் காத்திருக்கும் அல்லது கைவிடப்படும். ஒரு விநாடிச் சராசரி போட்ட வரைபடத்தில் இது கண்ணில் படாது; வரைபடம் பாதிகூட ஏறியிருக்காது, பொட்டலங்களோ தொலைந்துகொண்டிருக்கும். சொல் சரியாக இருந்தால்தான் படிக்கிறவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பார்.

---

ஐயா, வணக்கம்.

பாட்டத்துக்குக் குத்தகை, வரி என்ற பொருள்களும் உண்டே என்று தயங்கினேன். சூழல் வேறு என்பதால் தடுமாற்றம் வராது, ஏற்கிறேன். மின் துறையில் இந்தச் சொல் இன்னும் தேவை.

மின்காந்த இணக்கச் சோதனையில் (கருவி மின் இடையூறுகளைத் தாங்குகிறதா என்று பார்ப்பது) பர்ஸ்டும் சர்ஜும் தனித்தனித் தரங்கள். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61000-4-4 தரம் சொல்லும் பர்ஸ்டில் ஒவ்வொரு துடிப்பும் 5 நானோவிநாடியில் எழும், அகலம் 50 நானோவிநாடி. 5 கிலோஹெர்ட்ஸில் 15 மில்லிவிநாடி ஓடும், அதாவது 75 துடிப்பு. 300 மில்லிவிநாடிக்கு ஒருமுறை இந்தக் கூட்டம் திரும்ப வரும். இதைத் ‘துடிப்புப் பாட்டம்’ என்றால் ஒரு சொல்கூட வீணில்லை.

ஐஇசி 61000-4-5 சொல்லும் சர்ஜ் அப்படியல்ல. அது ஒற்றை அலை: மின்னழுத்தம் 1.2 மைக்ரோவிநாடியில் ஏறி, 50 மைக்ரோவிநாடியில் பாதியாக இறங்கும். பாட்டத்தின் ஒரு துடிப்பில் இருப்பது மில்லிஜூல் அளவு ஆற்றல். சர்ஜில் அதைவிடப் பல மடங்கு. ஆகவே பாதிப்பும் வேறு. பாட்டம் நுண்கட்டுப்படுத்தியைக் குழப்பி மறுதொடக்கம் செய்ய வைக்கும். சர்ஜ் உறுப்பையே எரித்துவிடும். இரண்டையும் ‘மின்னெழுச்சி’ என்று எழுதினால், மறுதொடக்கக் கோளாறுக்கு வேரிஸ்டர் (மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் உறுப்பு) மட்டும் போட்டுவிட்டுக் கோளாறு தீரவில்லையே என்று திகைப்பார்கள். அங்கே தேவை ஃபெரைட்டும் (உயரதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள்), மண்ணிணைப்புக்கு நெருக்கமாக வைத்த மின்தேக்கியும். மின்தேக்கியின் கால் நீண்டால் அதுவும் பயன்படாது.

எழுச்சியைச் சர்ஜுக்கு மட்டும் ஒதுக்குவோம். திரண்டு, ஏறி, தணிவது என்ற பொருள் அதில் இருக்கிறது. நீர்க்குழாயிலும் பொருந்தும்: எஃகுக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று அடைத்தால் அழுத்தம் 12 பார் அளவுக்கு எகிறும். அது அழுத்த எழுச்சி. வால்வை மெதுவாக மூடினால் குறையும். எழுச்சித் தொட்டி வைப்பதும் அதற்கே.

ஸ்பைக்குக்கு ‘முள்’ என்ற பரிந்துரை அழகுதான், ஆனால் அளவுமானியில் முள் வேறொன்று. ‘முள் மேலே போனது’ என்றால் எந்த முள்? பாடநூல்களில் அலையின் உச்சிக்கு முகடு என்று இருக்கிறது. ‘ஊசிமுகடு’ எனலாம்: உயரம் பெரிது, அகலம் மிகச் சிறிது. நரம்பணு மின்துடிப்புக்கும் இதையே வைத்தால், ஊசிமுகடுகள் கொத்தாக வருவது பாட்டம் ஆகிவிடும். இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

---

வணக்கம். காற்றைப் பற்றி மட்டும்.

வானிலை அறிக்கைகளில் ‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று வருகிறதே, அந்த ‘இடையிடையே’தான் கஸ்ட். அறிக்கைக்கு நல்ல தமிழ், மாற்ற வேண்டாம். ஆனால் கருவி அட்டவணையில் தலைப்பாகப் போட அது உதவாது. உலக வானிலை அமைப்பு கஸ்டை 3 விநாடிச் சராசரியின் உச்சமாக அளக்கச் சொல்கிறது. ‘காற்றுவீச்சு’ என்பது என் பரிந்துரை. வீச்சு இயற்பியலில் அலைவின் அளவைக் குறிக்கிறது என்பது உண்மை. ‘காற்று’ முன்னால் ஒட்டியிருப்பதால் தனித்து நிற்கும்.

ஸ்குவால் (squall) வேறு. வேகம் விநாடிக்குக் குறைந்தது 8 மீட்டர் கூடி, 11 மீட்டரையோ அதற்கு மேலோ தொட்டு, ஒரு நிமிடமாவது நிலைக்க வேண்டும். அதற்குச் சூறைக்காற்று. அதைச் சூறாவளி என்று எழுதுவது ஆபத்து. சூறாவளி என்றால் மக்கள் புயலை நினைக்கிறார்கள்.

---

இருவருக்கும் நன்றி. ஊசிமுகடு, காற்றுவீச்சு, சூறைக்காற்று மூன்றையும் சேர்த்துவிடுகிறேன்.

ஸ்பர்ட் மீதம். நீர்மத்துக்குப் ‘பீறிடல்’ இருக்கிறது, விவாதமே வேண்டாம். பதின்வயது வளர்ச்சிக்கு ‘வளர்ச்சி முடுக்கம்’ என்று ஒரு வரைவில் கண்டேன். அது பிழை. உயரம் கூடும் வேகம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் (பெண் பிள்ளைகளுக்கு 12 வயதையொட்டி ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ., ஆண் பிள்ளைகளுக்கு 14-ஐ ஒட்டி 9 முதல் 10 செ.மீ.) முடுக்கம் சுழியம். பேசப்படுவது வேகம். ‘வளர்ச்சிப் பாய்ச்சல்’ என்று வைப்போம்.

வானியலில் காமாக்கதிர் வெடிப்பு என்பதை அப்படியே விட்டுவிடலாம். அங்கே மூலத்தில் உண்மையாகவே ஒரு விண்மீன் குலைகிறது அல்லது இரண்டு மோதி இணைகின்றன. 2 விநாடிக்கு உட்பட்டவை குறுவெடிப்பு, மேற்பட்டவை நெடுவெடிப்பு. விண்வெளியிலிருந்து வரும் வேக ரேடியோ பர்ஸ்ட் (fast radio burst) மட்டும் இழுபறி: மில்லிவிநாடிகளே நீடிக்கும், பெரும்பாலானவை ஒருமுறை மட்டுமே பதிவானவை, சில திரும்பத் திரும்ப வருகின்றன. ஒற்றைத் துடிப்பாக வருவதைப் பாட்டம் என்பது பொருந்தாது, வெடிப்பு என்றால் திரும்ப வருபவற்றுக்கு இடிக்கும். ‘விரைவு ரேடியோத் துடிப்பு’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். சீரான இடைவெளியில் துடிப்புகளாகப் பதிவாகும் விண்மீனான பல்சாருக்கு வைத்த சொல்லோடு மோதுமா என்று வானியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.