ஞாயிறு நிச்சயதார்த்தம் (குடும்பக் குழு)

கார்த்தி: ஞாயிறு பழனிக்கு ஸ்விஃப்ட் வருமா தெரியவில்லை. மேடு ஏறினால் இழுவை இல்லை, கரும்புகை வேறு. ஸ்கேனர் போட்டால் பி0101 என்ற கோளாறு எண் காட்டுகிறது. என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாராம்.

ராஜி அத்தை: அய்யோ. 9 மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

பெரியப்பா: அப்பா ஓட்டிய டாடா விஸ்டா கார் ஷெட்டில்தானே நிற்கிறது? இரண்டிலும் அதே 1.3 ஃபியட் டீசல் என்ஜின். சென்சாரைக் கழற்றி இதில் மாட்டு.

ராஜி அத்தை: போன தீபாவளிக்கு பேட்டரி போனது. இப்போது இதுவா?

பெரியப்பா: பேட்டரியை நான் எடுக்கவில்லை.

சுதா அக்கா: தட்டு 11 ஆ, 21 ஆ? சொல்லுங்கள்.

செல்வம் சித்தப்பா: கார்த்தி, மாட்டிவிடாதே. என்ஜின் ஒன்றுதான், 1248 சிசி. ஆனால் ஃபில்டர் பெட்டி, காற்றுக் குழாய், வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கு எல்லாம் அந்தந்த கம்பெனி வைத்தது. சென்சாருக்குள் சூடேற்றிய மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. காற்று பட்டு அது எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்துத்தான் காற்றின் எடை தெரியும். ஒரு பேச்சுக்கு, 60 மி.மீ. குழாய்க்கு அளவெடுத்ததை 70 மி.மீ. குழாயில் வைத்தால் அதே காற்று மெதுவாகப் போகும். கால் பங்குக்கு மேல் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலைக் குறைத்துவிடும். இழுவை இன்னும் போய்விடும்.

கார்த்தி: பிளக் பொருந்துமே சித்தப்பா. இரண்டும் 5 பின்.

செல்வம் சித்தப்பா: பிளக் பொருந்தினால் போதாதப்பா. சென்சார் மேல் அச்சடித்த எண்ணைப் பார். பாஷ் என்றால் 10 இலக்கம், டீசலுக்கு 0 281 என்று தொடங்கும். முழு எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ராஜி அத்தை: ஒற்றைப்படையாக இருந்தால் போதும் தம்பி. 21 வைக்கலாம்.

செல்வம் சித்தப்பா: அக்கா, நான் சென்சாரைச் சொன்னேன்.

பெரியப்பா: 11 போதும்.

செல்வம் சித்தப்பா: முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார். கம்ப்யூட்டர் தானே ஒரு அளவை வைத்துக்கொண்டு ஓட்டும். இழுவை திரும்பினால் சென்சார்தான் கோளாறு. அப்புறம் சென்சார் கிளீனர் அடி. கார்பரேட்டர் ஸ்ப்ரே வேண்டாம், விரலும் படக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு. ஆமாம், ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினாய்?

கார்த்தி: வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவில்லை.

பெரியப்பா: அப்படியே உன் அப்பா.

செல்வம் சித்தப்பா: அந்தத் தூசிதான் சென்சாரில் படிந்திருக்கும். ஃபில்டரை இன்றே மாற்று.

கார்த்தி: கழற்றிவிட்டு ஓட்டினேன் சித்தப்பா. இழுக்கிறது! ஸ்ப்ரேயும் ஃபில்டரும் வாங்கப் போகிறேன். எதற்கும் விஸ்டா எண்ணையும் பார்த்து வைக்கிறேன். ஷெட் சாவி யாரிடம்?

ராஜி அத்தை: என்னிடம். நானும் கூட வருகிறேன். எண்ணை மட்டும் பார். அப்பா வண்டியில் ஒரு ஸ்க்ரூவையும் தொடக்கூடாது.

பெரியப்பா: எண் ஒத்துப்போனால்?

ராஜி அத்தை: அதை அப்போது பேசலாம் அண்ணா.

சுதா அக்கா: அப்படியானால் தட்டு 21 தானே?

பெரியப்பா: 11.