மகளுக்கும் எனக்கும் பல் கிளிப்: போட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். திருச்சியில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. மேல்வரிசை முன்பற்கள் தூக்கலாக இருக்கின்றன. வாயை மூடினாலும் இரண்டு பல் கீழுதட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு வயதுவரை விரல் சூப்பினாள், அதுதான் காரணமோ என்னவோ.

முதலில் பார்த்த மருத்துவர், கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது, வளரும் வயது என்பதால் கழற்றி மாட்டும் கருவி ஒன்றைப் போட்டு முன்னால் கொண்டுவரலாம், அப்புறம் கிளிப் என்றார். இன்னொருவர், 13 வயதாகட்டும், பல் எடுத்துவிட்டு நேராகக் கிளிப்பே போடலாம் என்கிறார். நல்ல பல்லைப் பிடுங்க மனசு ஒப்பவில்லை. வளர்ச்சி நின்றபிறகு தாடையைச் சரிசெய்ய அறுவை சிகிச்சைதான் என்பதால் காத்திருக்கவும் பயம். இந்தக் கருவி போட்ட பிள்ளைகள் உண்டா? பேச்சு குழறியதா? ராத்திரி தூக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டார்களா?

அடுத்தது நான். வயது 39, கீழ்ப்பற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஈறு நன்றாக இருந்தால் பெரியவர்களும் போடலாமாம். அலைனர் (கம்பிக்குப் பதிலாகப் பல்லின் மேல் மாட்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை) என்றால் தினம் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், காபி குடிக்கக்கூடக் கழற்ற வேண்டும். நாளுக்கு ஐந்து காபி குடிக்கிறவளுக்கு அது நடக்குமா? பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் கிளிப் போட்டவர்களே, சாம்பார் மஞ்சள் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களில் ஏறியதா?

புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கிளிப் போட்டவர்கள் இருந்தால் செலவையும் அலைச்சலையும் சொல்லுங்கள். கிளிப்பைக் கழற்றியபின் பல் நகராமலிருக்க மாட்டும் ரிடெய்னரைப் போடாமல் விட்டுவிட்டுப் பல் மறுபடி கோணியவர்களும் எழுதுங்கள். வியாழக்கிழமை மருத்துவரிடம் பதில் சொல்லியாக வேண்டும்.