அம்மாவின் சங்கிலி அறுந்துவிட்டது, ஈயமும் வைத்துவிட்டார்கள். யாராவது வழி சொல்லுங்கள்

புதுக்குடியிருப்பு:

வணக்கம். அம்மாவின் ஒன்றரைப் பவுண் சங்கிலி, 22 கரட், பதக்கம் கோத்தது. போன கிழமை மடியில் இருந்த என் மகள் பிடித்து இழுத்ததில் கொழுக்கிக்குக் கிட்ட ஒரு வளையம் வாய் பிளந்துவிட்டது. வானொலி திருத்தும் என் மைத்துனர் உதவும் எண்ணத்தில் அந்த இடத்தில் ஈயம் வைத்து ஒட்டினார். இரண்டாம் நாளே விட்டுப்போனது. இப்போது அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி நிற்கிறது.

2009 இல், போரின் கடைசி நாட்களில், இந்தச் சங்கிலியைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டுதான் அம்மா மாத்தளன் வரை நடந்தார். செட்டிகுளம் முகாமுக்கு வந்த பிறகே தையலைப் பிரித்தார். அதனால் உருக்கிப் புதிதாகச் செய்யும்படி தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். ஈயம் பட்ட பொன் கெட்டுவிடுமா? இதே சங்கிலியைத் திருத்த முடியுமா?

மாங்குளம்:

பத்தரிடம், அதுதான் நகை செய்யும் பொற்கொல்லரிடம், போகும் வரை பதக்கத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். அறுந்த முனைகளை நூலால் கட்டிப் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். பசை எதுவும் பூசாதீர்கள். நான் பூசினேன், நெருப்புப் பட்டதும் அது கருகிப் புகைந்தது, பத்தர் என்னைக் கடிந்துகொண்டார்.

வவுனியா, பத்தர் வீட்டுப் பெண்:

தங்கச்சி, முதலில் அந்தச் சங்கிலியைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் சங்கிலியை வாயில் வைத்துச் சப்புவார்கள். ஈயம் நஞ்சு, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பொன் முழுவதும் கெட்டுவிடவில்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் ஈயம் வைத்ததைப் பத்தரிடம் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். வெட்கத்தில் மறைத்துவிடாதீர்கள். சுத்தப் பொன் உருக 1064 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும், 22 கரட் அதற்குச் சற்றுக் குறைவில் உருகும். வானொலிக்கு வைக்கும் ஈயக் கம்பியோ 200 பாகைக்குள்ளேயே உருகிவிடும். தெரியாமல் பத்தர் நெருப்பை ஊதினால் ஈயம் பொன்னுக்குள் இறங்கும்; அந்த இடம் குழி விழும், பிறகு குச்சிபோல் முறியும். அப்பா இப்படி வரும் நகைகளில் ஈயம் பட்ட வளையங்களை முழுதாக வெட்டி எடுத்துவிட்டுத்தான் அடுப்பருகே போவார். அதே தரப் பொன்கம்பியில் புது வளையம் வளைத்துக் கோத்து, வளையத்தின் வாயில் வெங்காரம் (பற்றவைக்க உதவும் உப்பு) தடவி, பொற்பற்றாசு (பொன்னை ஒட்டும் கலப்பு உலோகம்) வைத்து ஊதுவார். வெள்ளியும் செம்பும் சேர்ந்திருப்பதால் அந்தப் பற்றாசு சங்கிலிக்கு முந்தி உருகி இடுக்கை நிரப்பும். காட்மியம் என்ற உலோகம் கலந்த பற்றாசு வேண்டாம் என்று கேளுங்கள். அதன் புகை ஊதுகிறவரின் நுரையீரலுக்குக் கேடு.

உங்கள் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள்: கொடுக்கும்போது ஒரு தரம், வாங்கும்போது ஒரு தரம். வெட்டிய துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். நல்ல பத்தர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

இன்னொன்று. இழுத்தவுடன் அறுந்தது என்றால் அந்த வளையம் முன்பே தேய்ந்திருக்கும். பக்கத்து வளையங்களையும், பதக்கம் தொங்கும் இடத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு:

அக்கா, மிக்க நன்றி. பிள்ளையின் விடயம் என் நினைவுக்கே வரவில்லை. வாசித்த உடனே சங்கிலியை அலுமாரிக்குள் பூட்டிவிட்டேன். அம்மா வயலுக்கும் இதைப் போட்டுக்கொண்டு போவார். தேய்ந்ததற்கு அதுதான் காரணமா?

வவுனியா, பத்தர் வீட்டுப் பெண்:

பெரும்பாலும் அதுதான். நம் மண்ணின் புழுதியில் நுண்மணல் இருக்கிறது. கடினத்தை அளக்கும் மோசு அளவில் மணல் 7, பொன் 3 ஐக் கூட எட்டாது. வியர்வையோடு சேர்ந்து வளையங்களுக்கு இடையில் தங்கும் மணல் அரம்போல் அராவும். சாம்பலாலும் பற்பசையாலும் தேய்ப்பதும் அப்படித்தான். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, அல்லது பூந்திக்கொட்டை ஊறிய நீரில், சங்கிலியைச் சற்று ஊறவிட்டு மெல்லிய தூரிகையால் துலக்குங்கள். கிணற்றடியில் வேண்டாம், ஒரு கிண்ணத்துக்குள் வைத்துச் செய்யுங்கள். பதக்கத்தில் முத்து இருந்தால் அதை ஊறவிடாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். வெள்ளம் வடிந்து கிணற்றுக்குக் குளோரின் போட்ட நாட்களில் சங்கிலியைக் கழற்றிவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். குளோரின் பொன்னில் கலந்த செம்பையும் வெள்ளியையும் தாக்கும்.

புதுக்குடியிருப்பு:

நேற்றுக் கிளிநொச்சியில் ஒரு பத்தரிடம் கொடுத்துத் திருத்தியாயிற்று. ஈயத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் சங்கிலியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஈயம் பட்ட இரண்டு வளையங்களை வெட்டினார். பதக்கம் தொங்கிய இடத்தில் நூல்போல் தேய்ந்திருந்த ஒன்றையும் மாற்றினார். என் முன்னாலேயே இரண்டு தரமும் நிறுத்தார். அம்மா அருகில் கதிரையில் இருந்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய மூன்று வளையங்களைத் தாளில் மடித்துத் தந்தார்கள். ஈயம் படாத அந்த ஒன்றை மட்டும் அம்மா தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.