மறுபெயின்ட் அடிச்ச டின் பொம்மை ரயில்: விற்பனைச் சீட்டுல என்ன எழுதணும்?

முத்தியால்பேட்டை:
வணக்கம். ஹார்ன்பி (இங்கிலாந்து பொம்மை ரயில் கம்பெனி) ஓ கேஜ் (தண்டவாள அகலத்தோட அளவு), சாவி கொடுத்து ஓட்டுற பழைய பொம்மை எஞ்சின் ஒண்ணு. பழைய பெயின்ட்டை முழுசா உரிச்சு கார் ஸ்ப்ரே அடிச்சிருக்கு. எழுத்தெல்லாம் புது டிரான்ஸ்ஃபர் (மேல ஒட்டுற அச்செழுத்து). முன் சக்கரம் ரெண்டு, மெயின் ஸ்பிரிங், சாவி புதுசு. டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னாடி வர்ற கரி வண்டி) வேற செட்டோடது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்லயும் ஆன்லைன்லயும் விக்கணும். ‘ரெஸ்டோர் பண்ணது’ன்னு போட்டா போதுமா?

மஞ்சக்குப்பம்:
போதாது சார். எண்ணெய் போட்டுத் துடைச்சதையும் அந்த வார்த்தையிலதான் சொல்றாங்க, முழுசா உரிச்சு அடிச்சதையும் அதுலதான் சொல்றாங்க. விலை வித்தியாசமே அங்கதான் இருக்கு. பாகம் பாகமா எழுதுங்க:

“பாடி ஒரிஜினல் தகடு. பழைய பெயின்ட் முழுவதும் நீக்கி கார் ஸ்ப்ரே அடித்தது. எழுத்துகள் புது டிரான்ஸ்ஃபர். முன் சக்கரம் 2, மெயின் ஸ்பிரிங், சாவி புதிய தயாரிப்பு. டெண்டர் வேறு செட்டிலிருந்து. பெட்டி இல்லை.”

எந்த வருஷம் அடிச்சதுன்னும் சேருங்க. பழைய பெயின்ட் மேல வெறும் கிளியர் லாக்கர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிச்சிருந்தாலும் அது மாற்றம்தான், எழுதியே ஆகணும். பாடியைக் கழட்ட, அதைப் பிடிச்சிருக்கிற மடக்கின தகட்டு நாக்கை நிமித்தியிருப்பீங்க. அதுல எத்தனை ஒடிஞ்சிருக்கு, எதுல பத்தவச்சு (சால்டர் பண்ணி) ஒட்டியிருக்குன்னும் சொல்லுங்க. ரெண்டு மூணு தடவை மடக்கினா அது ஒடிஞ்சிரும்.

தேவனாம்பட்டினம்:
மாத்தின சக்கரத்தைச் சொல்றீங்க, மாத்தாததையும் சொல்லுங்க. அந்தக் காலத்து துத்தநாக வார்ப்புச் சக்கரத்துல கொஞ்சம் ஈயம் கலந்திருந்தாலே உள்ளுக்குள்ள அரிச்சு, வீங்கி, வெடிக்கும். நிறுத்த வழி கிடையாது. நம்ம கடலோர ஈரக்காத்து அதை வேகப்படுத்தும். பின் சக்கரத்தை லென்ஸ்ல பாருங்க. ஆரக்கால் சேர்ற இடத்துல முடி மாதிரி கோடு இருந்தா கிட்டப்போய் படம் எடுத்துப் போடுங்க. புதுப் பெயின்ட் அந்தக் கோட்டை மறைச்சிருக்கலாம், அதனால சக்கரத்தோட உள்பக்கமும் பாக்கணும்.

முத்தியால்பேட்டை:
நன்றி சார். சீட்டை எஞ்சின் அடியிலயே ஒட்டிடலாமா?

மஞ்சக்குப்பம்:
ஒட்டாதீங்க. அடுத்த கை மாறும்போது உரிச்சிடுவாங்க, அதை வாங்குறவர் ஒரிஜினல்னு நம்பி ஏமாறுவார். பாடிக்கு உள்பக்கம் கார்பைட் முனை ஊசியால ‘மறுபெயின்ட்’னும் வருஷத்தையும் கீறுங்க. எழுத்துப் பஞ்ச் வச்சுத் தட்டவே கூடாது, தகடு மெல்லிசு, வெளிப்பக்கம் புடைச்சுக்கும். கீறின இடத்துல ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவுங்க, இல்லேன்னா ஒரே மழைக்காலத்துல துரு ஏறும். புதுச் சக்கரத்துக்கு உள்பக்கத்துல சின்னதா ஒரு கீறல் போதும்.

தேவனாம்பட்டினம்:
இன்னொண்ணு. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உரிக்காத மூலை ஏதாவது இருந்தா, “சின்னப் பிள்ளைங்க விளையாடக் கொடுக்க வேண்டாம்”னு சீட்டோட மேல் வரியிலயே எழுதிடுங்க.