கேரவன் எடுத்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகலாமா?

ஈரோட்டுக்காரன்:
மே லீவுக்குக் கேரவன் ஒன்று வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு வாண்டுகள், அப்பா, அம்மா. உள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்ரூம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கிறது. அதனால் லாட்ஜே வேண்டாம், தனுஷ்கோடியில் கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தித் தூங்கிவிட்டுக் காலையில் சூரியோதயம் பார்க்கலாம் என்று வீட்டில் பிளான் போட்டாகிவிட்டது. அம்மாவுக்கு 22 தீர்த்தமும் ஆட வேண்டும். பெரியவனுக்கு மிதக்கிற கல்லைப் பார்க்க வேண்டுமாம், யூடியூபில் பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு. ராத்திரி நிறுத்த விடுவார்களா?

மண்டபத்தான்:
விட மாட்டார்கள் அண்ணே. சாயங்காலம் ஆனால் போலீஸ் எல்லா வண்டியையும் திருப்பி அனுப்பிவிடும். 2017-ல் தனுஷ்கோடி நுனியான அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு எந்த வண்டியும் போகலாம்தான், ஆனால் போட்டோவுக்காக ஒரு சக்கரத்தை மணலில் இறக்கினால் அப்புறம் கயிறு கட்டி இழுக்க ஆள் தேட வேண்டும். அங்கே சமைக்கவும் நினைக்காதீர்கள். மே மாதம் கச்சான் காற்று பலமாக வீசும், டீக்கடைக்காரரே அடுப்பைச் சுற்றித் தகரம் மறைத்துத்தான் பால் காய்ச்சுவார், உங்கள் தோசைமாவில் பாதி மணல் விழும். காலையில் சீக்கிரம் போய், 1964 புயலில் போன சர்ச், ஸ்டேஷன் சுவர்களைப் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளைத் தெற்குப் பக்கம் தண்ணீரில் இறக்காதீர்கள், அது ஆண் கடல், அலை முரடு. வடக்குப் பக்கம்தான் சாது.

தங்குவதற்கு, காம்பவுண்டு உள்ள லாட்ஜில் ஒரு ரூம் போட்டு வண்டியை உள்ளே நிறுத்துங்கள். வண்டி ஏசிக்குக் கரண்ட் லைன் தருவார்களா என்று முன்னாலேயே போனில் கேட்டுவிடுங்கள், எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். கோயில் தெருவுக்குள் பெரிய வண்டி போகாது, ஆட்டோதான்.

திருச்சி டிரைவர்:
பாம்பன் ரோடு பாலத்தில் எல்லோரும் நிறுத்துகிறார்களே என்று நீங்களும் நிறுத்தாதீர்கள், அவ்வளவு அகல வண்டி நின்றால் பின்னால் மண்டபம் ஊர் வரை ஹாரன்தான். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தை ஓடுகிற வண்டியிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம், நடுவில் அப்படியே மேலே தூக்குகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உப்புக்காற்று போல்ட்டைத் தின்றுவிடும், வாடகை வண்டி என்றால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். குடிதண்ணீரை மதுரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கீழக்கரைப் பொண்ணு:
எல்லோரும் ராமேஸ்வரத்தையே பேசுகிறீர்கள். கேரவன் எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய் நிற்பதற்கு ரயிலிலேயே போகலாமே! வண்டி இருப்பதே வழியில் நிற்பதற்குத்தானே. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லை, நவபாஷாணத்தை, அம்மா கட்டாயம் பார்க்க வேண்டும். நடைபாதை கட்டியிருப்பதால் வயதானவர்களும் தண்ணீர்மேல் நடந்து போய் வரலாம். திருப்புல்லாணிக் கோயில் முடித்து அப்படியே எங்கள் ஊருக்கு வந்தால் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் வேலைப்பாட்டை வெளியிலிருந்தாவது பாருங்கள், தொதல் வாங்காமல் போகாதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுவது, நான்கு நாள் வண்டியில் கிடந்தாலும் கெடாது. மே மாதம் என்பதால் நுங்கும் பதநீரும் ரோட்டோரத்திலேயே கிடைக்கும்.

மீனுக்கு மட்டும் பெரிதாக ஆசைப்படாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் ஏறியிருக்கும்.

ஈரோட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க. தனுஷ்கோடித் தூக்கம் ரத்து, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த மிதக்கிற கல் நிஜமாகவே மிதக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, 22 கிணறும் நடக்க முடியுமா?

மண்டபத்தான்:
மிதக்கும் அண்ணே, தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள், பவளக்கல் என்பார்கள், உள்ளே காற்றறை இருப்பதால் அப்படி. அது பஞ்சமுக அனுமார் கோயிலில், பெரிய கோயிலிலிருந்து பக்கம்தான். பையனைக் கல் மட்டும் வாங்க விடாதீர்கள், பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, செக்போஸ்டில் மாட்டினால் வம்பு. பேர் செதுக்கிய சங்கு வாங்கிக் கொடுங்கள், அடங்கிவிடுவான்.

தீர்த்தம் விடிகாலையில் போனால் கூட்டம் குறைவு. தரை முழுக்க ஈரம், வழுக்கும், அம்மாவை ஒருவர் கையைப் பிடித்தே கூட்டிப் போக வேண்டும். ஈரத்துணியோடு சாமி கும்பிட விட மாட்டார்கள், மாற்றுத்துணிப் பையைக் கேரவனிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், வண்டி நிற்கிற இடத்துக்குத் திரும்ப ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.