அப்பாவின் டிடிபி கடை சிடிகள்: இமேஜ் எடுப்பது எப்படி, எங்கே ஏற்றுவது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் அப்பா 1996 முதல் 2011 வரை டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், நோட்டீஸ், சங்கங்களின் ஆண்டறிக்கை என்று அந்தப் பக்கத்து வேலை முழுக்க அங்கேதான் நடக்கும். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது இரண்டு அட்டைப்பெட்டி நிறைய சிடி கிடைத்தது. எண்ணினேன், 83 இருக்கிறது. பாதிக்கு மேல் கணினிப் பத்திரிகைகளோடு இலவசமாக வந்தவை. மீதியில் தமிழ் ஃபாண்ட் சிடி ஒன்பது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் சிடி சில, ஒரு கலைக்களஞ்சியம், அப்புறம் அப்பா தன் கையால் பெயர் எழுதி வைத்த சிடி-ஆர் (கணினியிலேயே நாம் பதிந்துகொள்ளும் சிடி) இருபது சொச்சம். ஒரு டப்பா ஃப்ளாப்பியும் உண்டு.

வீட்டில் எல்லோரும் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்ததில் இதில் பல சிடி எங்கேயும் இல்லை, சிலவற்றின் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

ஃபைல்களை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தால் போதுமா, இல்லை வேறு முறை இருக்கிறதா? ஒரு ஃபாண்ட் சிடி பாதியில் நின்றுவிடுகிறது. அதை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன், அடிப்பக்கம் பாலிஷ் போட்டுத் தந்தார்கள், ஒரு பிரயோசனமும் இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி குத்தியது போல் இரண்டு புள்ளி தெரிகிறது. இன்னொன்று, இவற்றை எல்லோருக்கும் கிடைக்கும்படி ஏற்றினால் சட்டப்படி பிரச்சினை வருமா?

தட்டுச்சுழல் எழுதியது:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள், இமேஜ் எடுத்த பிறகும்கூட.

காப்பி பேஸ்ட் போதாது. சிடியில் ஃபைல்கள் மட்டும் இல்லை; பூட் ஆகும் பகுதி, வால்யூம் பெயர், தேதிகள், சிலவற்றில் மேக் கணினிக்கென்று தனியாக ஒரு பகுதி, இதெல்லாம் காப்பி செய்யும்போது விட்டுப்போகும். தட்டு முழுவதையும் ஒரே ஃபைலாக எடுப்பதுதான் இமேஜ். டேட்டா மட்டும் உள்ள சாதாரண சிடிக்கு ஐஎஸ்ஓ என்ற இமேஜ் வடிவம் போதும். விளையாட்டு சிடிகளிலும் சில பத்திரிகை சிடிகளிலும் முதல் டிராக் டேட்டாவாகவும் அடுத்தவை பாட்டாகவும் இருக்கும், அதற்கு ஐஎஸ்ஓ எடுத்தால் பாட்டு மொத்தமும் போய்விடும். சிடியில் தகவல் செக்டார் என்ற சிறு துண்டுகளாக இருக்கும், ஒரு செக்டார் 2,352 பைட், அதில் டேட்டா 2,048 பைட்தான், மிச்சம் பிழைதிருத்தத்துக்கும் அடையாளத்துக்கும். ஐஎஸ்ஓ அந்த 2,048-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். பாட்டு டிராக்கில் 2,352-ம் ஒலியாகவே இருப்பதால் அப்படிப்பட்ட சிடியை பின்/கியூ என்ற இரட்டை ஃபைல் வடிவத்தில்தான் எடுக்க வேண்டும். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற நிரலைப் பயன்படுத்துங்கள், தட்டைப் பார்த்து எந்த வடிவம் என்று அதுவே முடிவு செய்யும்.

பாலிஷ் விஷயம். சிடியில் தகவல் இருப்பது அடிப்பக்கம் இல்லை, லேபிள் ஒட்டிய மேல்பக்கத்துக்கு ரொம்ப அருகில். கீழே இருப்பது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக், அதில் விழுந்த கீறலைத் தேய்த்து எடுக்கலாம். மேலே அலுமினியப் படலத்தைக் காப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. நீங்கள் பார்த்த ஊசித்துளைகள் அந்தப் படலம் போன இடங்கள். அதற்குப் பாலிஷ் ஒன்றும் செய்யாது, அந்த இடத்தில் இருந்தது போனதுதான். ஆனால் சுற்றியுள்ளதை மீட்கலாம்.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதல் சுற்றில் வேகமாக எடுத்துவிட்டு, முடியாத இடங்களை மேப் ஃபைலில் குறித்துக்கொண்டு, அப்புறம் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அதே மேப் ஃபைலோடு வேறொரு டிரைவில் தட்டைப் போட்டால் விட்ட இடங்களை மட்டும் படிக்கும். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டாரை இன்னொன்று அனாயாசமாகப் படிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதனால் பழைய கணினிகளிலிருந்து கழற்றிய இரண்டு மூன்று டிரைவ்களைச் சேர்த்து வையுங்கள். அதே பதிப்பின் இன்னொரு பிரதி யாரிடமாவது இருந்தால் அதிலிருந்தும் ஓட்டைகளை நிரப்பலாம்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். அப்பா எழுதிய சிடி-ஆர்களை முதலில் எடுங்கள். அவற்றில் தகவல் இருப்பது சாயத்தில், வெயிலும் வெக்கையும் பட்டால் அச்சிட்ட சிடிக்கு முன்பே அவை போய்விடும். ஃப்ளாப்பிக்கு கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு இருக்கிறது, காந்த மாற்றங்களையே நேரடியாகப் பதிந்துகொள்ளும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

படிக்கட்டு_பி எழுதியது:

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில். நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன், இது எங்களுக்கும் வந்த கேள்வி.

உங்கள் கையில் சட்டப்படி உள்ள மென்பொருளுக்கு நீங்கள் பேக்கப் எடுக்கலாம், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தப் பேக்கப்பை ஊருக்கெல்லாம் கொடுக்க அந்தப் பிரிவில் இடம் இல்லை. கம்பெனி மூடிவிட்டது, யாரும் விற்பதில்லை என்பதால் உரிமை தானாகப் போய்விடாது. எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு என்பது இங்குள்ள கணக்கு, அப்படிப் பார்த்தால் தொண்ணூறுகளின் மென்பொருளுக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. அமெரிக்காவிலேயே 2018-இல் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் பழைய மென்பொருளின் காப்பித் தடுப்புப் பூட்டை உடைத்துப் பாதுகாக்க விலக்கு கொடுத்தார்கள், ஆனால் கட்டடத்துக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆனால் உங்கள் 83-இல் தயங்காமல் ஏற்றக்கூடியவை நிறைய இருக்கும். லினக்ஸ் சிடிகளின் உரிமமே பகிரச் சொல்கிறது. 2005-இல் மத்திய அரசு சார்பில் அதன் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் தயாரித்து சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் சிடி இருக்கிறதா பாருங்கள், ஃபாண்ட்களும் பாரதீய ஓபன்ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும் இருந்தது. மக்களிடம் பரவ வேண்டும் என்றே கொடுத்தது அது. மற்றவற்றுக்கு, தயாரித்தவர் இன்னும் இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. அந்தக் காலத்தில் தமிழ் மென்பொருள் செய்தவர்கள் பெரும்பாலும் ஒருவர் இருவராக வேலை செய்தவர்கள், தங்களிடமே பிரதி இல்லாமல் தேடிக்கொண்டிருக்கலாம்.

ஏற்றுவதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் சரியான இடம், கணக்கு இலவசம், உரிமையாளர் ஆட்சேபித்தால் எடுத்துவிடுவார்கள். இமேஜை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உறை, உள்ளே இருந்த கையேடு, தட்டின் முகம் மூன்றையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து சேருங்கள். அடிப்பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண்ணையும் குறியுங்கள், ஒரே பெயரில் வந்த இரண்டு பதிப்புகளைப் பிரித்தறிய அதுதான் உதவும். சிடி-ஆர்களில் வாடிக்கையாளர்களின் பத்திரிகையும் முகவரியும் இருக்கும். அவற்றை எக்காரணம் கொண்டும் பொதுவில் போட வேண்டாம்.

அச்சுக்கோப்பு எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா செய்த தொழிலைத்தான் நானும் திருச்சியில் 22 வருடம் செய்தேன். அந்த ஒன்பது ஃபாண்ட் சிடியைத்தான் நீங்கள் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு புழக்கத்துக்கு வரும் முன் தமிழ் எழுத்துக்கென்று கணினியில் தனி இடம் இல்லை. ஆங்கில எழுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் தமிழ் வடிவத்தைப் போட்டு ஏமாற்றித்தான் வேலை செய்தோம். பாமினி என்ற ஃபாண்டில் 'தமிழ்' என்று அடித்ததை வேறு ஃபாண்டில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேல் வைத்த புள்ளி. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டுத் தரம் வந்தது, இணையத்தில் இருந்தவர்கள் டிஸ்கி என்ற வேறொரு குறியீட்டில் எழுதினார்கள், ஆனாலும் கடைகளில் ஒவ்வொருவரும் வாங்கிய மென்பொருளின் குறியீட்டிலேயே ஓட்டினோம்.

பாமினி, டாப், டிஸ்கி எல்லாவற்றுக்கும் இன்று மாற்றி இருக்கிறது, என்ஹெச்எம் கன்வர்ட்டர் என்ற நிரலில் போட்டால் யூனிகோடு ஆகிவிடும். யாருக்கும் தெரியாத ஃபாண்டில் அடித்த கோப்புக்கு என்ன செய்வது? எங்கள் ஊர்க் கோயில் ஒன்றின் கும்பாபிஷேக மலர், 140 பக்கம், நான் அடித்தது. கோப்பு பத்திரமாக இருக்கிறது, ஃபாண்ட் இல்லை. அச்சுப் பிரதி ஒன்றே ஒன்று கிடைத்ததால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் குறி எந்த எழுத்து என்று நானே அட்டவணை போட்டேன். நான்கு மாதம் ஆனது. ஃபாண்ட் சிடி இருந்திருந்தால் ஒரு நாள் வேலை. உங்கள் அப்பாவின் சிடி-ஆரில் இருப்பதைப் படிக்கும் சாவி அந்த ஒன்பதில் இருக்கிறது, ஒருவேளை மற்ற ஊர்க் கடைக்காரர்களுடையதற்கும் அதில்தான் சாவி இருக்கும்.

இன்னொன்று, அந்தப் பெட்டியில் பிரிண்டர் கேபிள் முனை போல் தீப்பெட்டி அளவில் ஏதாவது இருந்தால் அது லாக். சில மென்பொருள் அது இல்லாமல் திறக்காது. எந்த சிடியோடு இருந்தது என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளில் இவ்வளவுதான் முடிந்தது. சிடி-ஆர் 23-இல் 19 முழுதாக வந்தது, இரண்டில் கொஞ்சம் போய்விட்டது, இரண்டை எந்த டிரைவும் தட்டு என்றே ஏற்கவில்லை. ஃபாண்ட் சிடி எட்டு சுத்தமாக வந்துவிட்டது. அச்சுக்கோப்பு ஐயா சொன்ன லாக் நிஜமாகவே இருந்தது, நான் அதை ஏதோ கன்வர்ட்டர் என்று நினைத்து வயர்களோடு ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மாவிடம் காட்டினேன், பார்த்ததுமே எந்த மென்பொருளுடையது என்று சொல்லிவிட்டார்.

ஊசித்துளை விழுந்த சிடியை முதல் டிரைவ் பாதியில் விட்டது. பக்கத்து வீட்டுப் பழைய கணினியின் டிரைவில் அதே மேப் ஃபைலோடு போட்டு இரவு முழுக்க ஓட விட்டேன், இப்போது 41 செக்டார் மட்டும் பாக்கி. பார்த்தால் அவை எல்லாம் ஒரே ஃபாண்ட் ஃபைலுக்குள் விழுகின்றன. அப்பா ஆண்டறிக்கைகளுக்குப் பயன்படுத்தியதும் அதே ஃபாண்ட்தான். லினக்ஸ் சிடிகளையும் 2005 அரசு சிடியையும் உறையோடு ஏற்றிவிட்டேன். ஃபாண்ட் சிடிகளில் இரண்டின் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது.

அந்த சிடியின் உறையையும் நடுத்துளை எண்ணையும் படமாக இணைத்திருக்கிறேன். நீல உறை, மூலையில் ஒரு யாழ் படம். யார் வீட்டுப் பரணிலாவது இதே தட்டு இருந்தால் சொல்லுங்கள், அனுப்பக்கூட வேண்டாம், நானே டிரைவோடு வந்து அங்கேயே படித்துக்கொள்கிறேன்.